ஆற்றில் இறங்கிய வேன்

ஹேமலதாவுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிட்டத்தட்டக் கிடைத்தே விட்டது. வேலூர் போகும் வழியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகள் வரும் பஸ்ஸுக்குப் பெண் டிரைவர்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஹெவி லைசென்ஸ் எடுத்த பெண்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? மைதானத்தில் பஸ்ஸைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். தாளாளர் அம்மா நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். ஹேமலதா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ரிவர்ஸ் எடுத்து, அந்த நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தாளாளர் அம்மா பயந்து எழுந்துவிட்டார். அப்புறம் சிரித்துக்கொண்டே, எப்போது வந்து சேருகிறாய் என்று கேட்டார்.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. குழந்தைகள் ஏறுகிற வண்டி. டிரைவர் மேல் வழக்கு ஏதும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும். அதற்கென்ன என்று பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே போனில் விண்ணப்பித்துவிட்டு ஹேமலதா வீட்டுக்கு வந்தாள். கறி எடுத்துக் குழம்பு வைத்து வீடே கொண்டாடியது.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. இவர் மேல் வாகனத் திருட்டு வழக்கு நிலுவையில் உள்ளது.

அப்போது அவள் ஒரு ஷூ கம்பெனிக்கு வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி கேட் எதிரில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் போனை வைத்துப் படித்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. வேறு யாரோ ஹேமலதாவுடையது தவறுதலாக வந்திருக்கிறது என்று நினைத்தாள். பிறகு வழக்குப் போட்ட தேதியைப் பார்த்தாள். பல வருஷம் முந்தைய மயானக் கொள்ளை அம்மன் திருவிழாவுக்கு மறுநாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த மயானக் கொள்ளையின்போது அவளுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டின ஊரில் வீடு. அப்பா முனிரத்தினம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். எதிர்வீட்டில் துரைசாமி. ரஷீத் அஹமது என்பவருடைய ஷூ கம்பெனியில் வேன் டிரைவர். காலையில் ஊர் ஊராகப் போய்த் தையல் செக்‌ஷன் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். சாயந்திரம் கொண்டுவந்து இறக்குவார். உறவெல்லாம் கிடையாது, ஆனாலும் அவளுக்கு அவர் மாமா, அவர் மனைவி அமிர்தவள்ளி அத்தை. ஸ்கூலுக்குப் போகும் வழியென்பதால் தினமும் அந்த வேனிலேயே தொற்றிக்கொண்டு போவாள். டிரைவருக்குப் பின் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். மற்ற பெண்கள் கதை பேசிக்கொண்டு வர, இவள் மட்டும் துரைசாமியின் கால் எந்த மிதியை எப்போது மிதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, மனசுக்குள் ஆம்பூர் பைபாஸை அவள் எத்தனையோ முறை ஓட்டி முடித்திருந்தாள்.

திருவிழா அன்று கம்பெனியில் மதியத்தோடு விட்டுவிட்டார்கள். துரைசாமி வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. கூடப் படிக்கும் பெண்கள் பூ வைத்து, பவுடர் பூசி, அக்கரைத் திருவிழாவுக்குப் புறப்பட்டு நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆற்றைத் தாண்டினால் கண்ணெதிரே பந்தல். பாலத்தைச் சுற்றிப் போனால் கால் ஓய்ந்துவிடும்.

"ஏறுங்கடி" என்றாள் ஹேமலதா.

தார் ரோட்டில் வண்டி அழகாகத்தான் போனது. இரண்டு மாட்டு வண்டிக்கும் ஒரு ஷேர் ஆட்டோவுக்கும் வழிவிட்டு, ஹாரன் அடித்து, ஒரு வளைவில் கியரைக் குறைத்துத் திருப்பினாள். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் கெடுத்தது. பாலம் வரைக்கும் எதற்குப் போக வேண்டும், குறுக்கே இறங்கினால் அம்மன் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வண்டியை ஆற்றில் இறக்கினாள். தண்ணீரைக் கண்டு வெகுகாலமான பாலாறு அது. கொஞ்ச தூரம் தரை கெட்டியாக இருந்தது. அப்புறம் மணல். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினாள். இன்னும் இறங்கியது. கடைசியில் கதவைத் திறந்தால் படிக்கட்டு மட்டத்துக்கு மணல் நின்றது.

அம்மனைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி வேனைப் பார்க்க வந்துவிட்டது. வேர்க்கடலை விற்றவர் தள்ளுவண்டியை இந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். இளந்தாரிகள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. போலீசுக்கு ஆள் அனுப்ப வேண்டிய வேலையே இல்லை. பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தார்கள். செங்கல் சூளையிலிருந்து ஜேசிபி வந்து இழுத்தபோது வேன் வெளியே வந்தது. முன்பக்கம் பாதி ஆற்றிலேயே தங்கிவிட்டது.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, தனி அறையில் உட்காரவைத்தார். வெளியே கம்பெனி மேனேஜரின் குரல் கேட்டது. இன்ஷூரன்ஸ் கிடைக்க வேண்டும் என்று, வண்டியைத் திருடிக்கொண்டு போய்விட்டதாகவே அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு துரைசாமி வந்து இன்ஸ்பெக்டரிடம் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாருடைய முகமும் கொஞ்சம் இளகியது. முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, பெண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

சிறுவயதுக்காரர்களுடைய வழக்கை விசாரிக்கும் போர்டு வேலூரில் இருந்தது. கூண்டு, கறுப்புக் கோட்டு என்று பயந்துகொண்டு போனவளுக்கு, அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நீதிபதியும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் டீச்சர்ஸ் ரூமுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். ஓட்டணும் போல இருந்தது என்று சொல்லிவிட்டு அழுதாள். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டித்து, சில ஞாயிற்றுக்கிழமைகள் அரசு ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இதோடு முடிந்தது, இது உன் வாழ்க்கையில் குறுக்கே வராது என்று நீதிபதி சொல்லி அனுப்பினார். ஹேமலதா அதை நம்பினாள். பதினெட்டு முடிந்ததும் முதல் வேலையாக லைசென்ஸ் எடுத்தாள்.

துரைசாமிக்குத்தான் வேலை போனது. சாவியை விட்டுவிட்டுத் தூங்கினதால் கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. அடுத்த மாதமே அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அமிர்தவள்ளியின் ஊரான காவேரிப்பாக்கத்துக்குப் போய்விட்டார். ஹேமலதா வாசலுக்கு வந்தால் எதிரே அந்தப் பூட்டுதான் தெரியும். ஒரு போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் போன் பண்ணவே வெட்கமாகிவிட்டது.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கம்ப்யூட்டர் அப்படி நினைக்கவில்லை.

"அந்த வேலையே வேணாம் வுடும்மா" என்றார் முனிரத்தினம். "இப்ப ஓட்டற வேன் போதும். பழச கெளறினா பேஜார்தான் ஜாஸ்தி."

அவள் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். போர்டு ஆர்டரைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். ஆர்டர் நகல் அவளிடம் இல்லை. அதைத் தேடிப் போன இடத்தில் இன்னொரு கூத்து. வழக்கு நடந்தபோது ஆம்பூர் வேலூர் மாவட்டம். இடையில் மாவட்டத்தைப் பிரித்து ஆம்பூரைத் திருப்பத்தூரோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு ஆபீசில், இது பழைய மாவட்டத்துக் கேஸ், அங்கே கேளுங்கள் என்றார்கள். இன்னொரு ஆபீசில், உங்கள் ஊர் இப்போது புது மாவட்டம், இங்கே ஏன் வந்தீர்கள் என்றார்கள். இரண்டு ஊர் பஸ் கண்டக்டர்களும் அவளைப் பார்த்தால் சிரிக்கிற அளவுக்குப் போய்வந்தாள்.

கடைசியில் யாரோ சொல்லி, இலவச சட்ட உதவி கொடுக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே கிறிஸ்டினா என்று ஒரு இளம் வக்கீல். கதையை முழுக்கக் கேட்டார். வேன் மணலில் இறங்கின இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹேமா, நீங்க யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல. பதினெட்டு வயசுக்குள்ள செஞ்சது, போர்டுல முடிஞ்சுபோச்சுன்னா, ரெக்கார்டையே அழிச்சிடணும்னு சட்டத்துல இருக்கு. கொலை மாதிரி பெருங்குத்தம்னா வேற. இது அதில்ல. அந்தக் கேஸை வெச்சு உங்க வேலைய யாரும் தடுக்கவும் கூடாது."

"அப்ப ஏன் மேடம் இன்னும் காட்டுது?"

"அழிக்கணும்னு இருக்கு. அழிக்கச் சொல்லி யாரும் போய் நிக்கல. நாம நிப்போம்."

கிறிஸ்டினா விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வழக்கில் இரண்டு பெயர்கள் இருந்தன, ஹேமலதா, துரைசாமி. ஹேமலதாவுடையது போர்டில் முடிந்தது. பெரியவர் என்பதால் துரைசாமியுடையது வேறு கோர்ட்டுக்குப் போயிருந்தது. சாவியை வண்டியில் விட்டதற்காக அவரையும் சேர்த்திருப்பார்கள் என்று ஹேமலதா நினைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன ஆனது என்று கம்ப்யூட்டரில் யாரும் ஏற்றவில்லை. அதனால் வழக்கே நிற்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. மனுவில் அதையும் சேர்த்து எழுதினால் ஒரேயடியாக முடியும், துரைசாமியைக் கேட்டு வர முடியுமா என்றார் கிறிஸ்டினா.

போகத்தான் வேண்டும் என்றானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா காவேரிப்பாக்கம் பஸ் ஏறினாள். திட்டினால் ஒரு பதில், கதவைச் சாத்தினால் ஒரு பதில் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனாள்.

ஏரிக்கரைப் பக்கம் துரைசாமி மீன் வறுத்து விற்கும் கடை போட்டிருந்தார். கூட்டம் இருந்தது. அவளைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்புறம், "ஹெவி எடுத்துட்டியாமே?" என்றார். அவள் தலையாட்டினாள். "டாப் கியர்ல கெளம்பறியா, இல்ல ஒழுங்கா எடுக்கறியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு இலையில் இரண்டு துண்டு ஜிலேபி மீன் வைத்து நீட்டினார். தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்றும் உதவவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னாள். தன் கேஸ் அந்த வருஷமே அபராதத்தோடு முடிந்துவிட்டது, காகிதம் வீட்டில் இருக்கிறது, தருகிறேன் என்றார். எடுத்துவர அவர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போன நேரத்தில்தான் அமிர்தவள்ளி பேசினாள். எரிச்சலோ கோபமோ இல்லை. மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே சொன்னாள்.

"திருட்டுக் கேஸ் பொண்ணு மேல நிக்கக் கூடாதுன்னு, சாவிய நான்தான் குடுத்தேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. லைசென்ஸ் இல்லாத பொண்ணுகிட்ட வண்டிய குடுத்தான்னு அவரு மேல எழுதிக்கிட்டாங்க. தூங்கினதுக்குன்னா மொதலாளி திட்டிட்டு வுட்டிருப்பாரு. இதுக்குத்தான் வேலைய வுட்டு அனுப்பினாங்க. உனக்குத் தெரியாதா?"

ஹேமலதாவுக்குத் தெரியாது. அன்றைக்கு ஸ்டேஷனில் எல்லாருடைய முகமும் இளகினது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். துரைசாமி திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அவர் மனைவியைப் பார்த்து முறைத்தார்.

"ஏன் மாமா சொன்னீங்க அப்படி?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றார். "சாவிய வண்டியில வுட்டது நான். ஓட்டினது நீ. ஆளுக்குப் பாதி. படிக்கற பொண்ணு மேல முழுசா போட்டா நல்லாவா இருக்கும்? சாப்பிடு, ஆறிடும்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. பள்ளிக்கூட பஸ் எந்த கம்பெனி, பவர் ஸ்டீயரிங்கா, பிரேக் எப்படி என்றெல்லாம் கேட்டார்.

மனு போர்டுக்குப் போனது. இப்போது வேறு நீதிபதி. ஹேமலதா புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். உறுப்பினர்களில் ஒருவர், பாலாற்றில் எந்த இடம் அம்மா என்று கேட்டார். அவள் இடத்தைச் சொன்னதும், நானும் அன்றைக்கு அந்தத் திருவிழாவில் இருந்தேனே என்று சொல்லவந்தவர், நீதிபதி பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். உத்தரவு எளிமையாகத்தான் வந்தது. இவள் சம்பந்தப்பட்ட பதிவுகளை அழிக்க வேண்டும், போலீஸ் தன் கம்ப்யூட்டரிலிருந்தும் பெயரை எடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கும் சான்றிதழிலும் இதைக் குறிப்பிடக் கூடாது. வெளியே வந்ததும், இனி யாராவது கேஸ் உண்டா என்று கேட்டால் தைரியமாக இல்லை என்று சொல்லுங்கள், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்றார் கிறிஸ்டினா.

"ஊரு சொல்லுமே மேடம்" என்றாள் ஹேமலதா.

"ஊருக்கெல்லாம் நான் மனு போட முடியாது" என்றார் கிறிஸ்டினா.

மறுபடி விண்ணப்பித்தாள். வழக்கு ஏதும் இல்லை என்று வந்தது. அதைத் தாளாளர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சரியாகக்கூடப் படிக்கவில்லை. இவ்வளவு தாமதமா என்று மட்டும் கேட்டுவிட்டு, யூனிஃபார்முக்கு அளவு கொடுக்கச் சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. அவள் பெயரைச் சட்டம் துடைத்துவிட்டது. துரைசாமி பெரியவர், அவர் பெயர் அப்படியே இருக்கிறது. அதுவும் செய்யாத காரியத்துக்கு. அதைச் சட்டத்தால் துடைக்க முடியுமா என்று கிறிஸ்டினாவைக் கேட்டாள். அபராதம் கட்டி முடித்த கேஸ், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, அவருக்கும் அதனால் இடைஞ்சல் இல்லை என்றார். ஹேமலதா யோசித்தாள். கோர்ட் இல்லாவிட்டால் போகட்டும், தெரிய வேண்டிய ஒரு ஆளுக்காவது தெரியட்டும் என்று ரஷீத் அஹமதைப் பார்க்கப் போனாள்.

வயதாகிவிட்டது அவருக்கு. கம்பெனியை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். கட்டிங் செக்‌ஷனுக்குப் பக்கத்து அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். சாவியை யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன், என்னைக் காப்பாற்றத்தான் துரைசாமி மாமா அப்படிச் சொன்னார். ரஷீத் அஹமது முழுக்கக் கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். "தூங்கிட்டிருந்த ஆள் எப்படி சாவி குடுப்பான்? போலீஸ்கிட்ட இன்னா வேணா சொல்லட்டும், எங்கிட்ட வந்து நெஜத்த சொல்வான்னு பாத்தேன். என் மூஞ்சிய பாத்தும் அதேதான் சொன்னான். கோவம் வந்துட்டுது, அனுப்பிட்டேன். அப்புறம் வேற டிரைவருங்க நெறைய வந்தாங்க. ஒருத்தனும் நிக்கல." அவளை உட்காரச் சொல்லிவிட்டு, "இன்னும் ஓட்டறானா? வரச் சொல்லு" என்றார்.

அன்றைக்கே காவேரிப்பாக்கத்துக்குப் போன் பண்ணினாள். துரைசாமி முதலில் திட்டினார்; உன்னை யார் போய்ச் சொல்லச் சொன்னது என்றார். அப்புறம், மொதலாளி இன்னா சொன்னாரு என்று கேட்டார். சொன்னாள். போனை வைத்துவிட்டு மறுபடி அவரே கூப்பிட்டார். கோவமா சொன்னாரா, சாதாரணமா சொன்னாரா என்று கேட்டார். மறுநாள் அமிர்தவள்ளி கூப்பிட்டு, இந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, மீனைக் கருக்குகிறார், என்ன சொல்லித் தொலைத்தாய் என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த ஒரு நாளில் துரைசாமி ஆம்பூர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. ஹேமலதா தன் ஸ்கூட்டரில் கம்பெனி கேட்வரை கொண்டுபோய் விட்டாள். நீயும் வா என்று அவர் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் பழைய ஆட்கள் இரண்டு பேர் திரும்பி உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கடைசியில் துரைசாமி வந்தார். வெற்றிலை போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வேலைக்கு வான்னாரு" என்றார். "வேணான்னுட்டேன். அங்க கடையில நானே மொதலாளி. எவனும் என்ன கேக்க முடியாது."

"அவ்ளோ நேரம் இன்னா மாமா பேசினீங்க?"

"பழச பேசினோம். வண்டிங்கள பத்தி பேசினோம். இப்ப இருக்கற வேன் கிளட்சுல சத்தம் வருது, ஆரும் பாக்கலன்னாரு. நான் போய் பாத்துக் குடுத்தேன்."

பஸ் ஸ்டாண்டில் அவரை இறக்கிவிட்டாள். அமிர்தவள்ளிக்கு என்று ரஷீத் அஹமது கொடுத்தனுப்பியிருந்த பிரியாணிப் பொட்டலம் அவர் கையில் இன்னும் சூடாக இருந்தது. நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வண்டி எடுக்கணும் என்று அவளைக் கேட்டார், சீக்கிரம் போய்ப் படு என்றார். வேலூர் பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்து ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தார். பஸ் கிளம்புவதற்குள்ளேயே முன்னால் சாய்ந்து டிரைவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.